முகம் பிறகு

கோவில்பட்டியில் செத்துப்போனவர்களில் பாதிப் பேருக்கு ஒரே மூக்கு. அது ராமசுப்பு மாஸ்டர் போட்ட மூக்கு.

மாஸ்டர் பகலில் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். சாயங்காலமானால் இறந்தவர்களுக்குப் படம் போடுகிறவர். துக்கம் விழுந்த வீட்டிலிருந்து, எப்போதோ எடுத்த தபால்தலை அளவுப் போட்டோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பதினாறாம் நாள் விசேஷத்துக்குள் அது சுவரளவு ஆகவேண்டும். அந்தப் போட்டோவில் கண் இருக்கிற இடம் தெரியும், வாய் இருக்கிற இடம் தெரியும், மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெளிச்சம் அடித்திருக்கும். மாஸ்டர் போட்டோவின்மேல் பென்சிலால் கட்டம் போடுவார். பெரிய அட்டையிலும் அதே கணக்கில் கட்டம் போடுவார். கட்டத்துக்குக் கட்டம் கரித்தூளைப் பிரஷ்ஷால் தடவிக்கொண்டே வந்து, மூக்கு வந்ததும் தன் கைவசம் இருக்கும் மூக்கை வைத்துவிடுவார். நல்ல எடுப்பான மூக்கு. யாரும் குறை சொன்னதில்லை. உயிரோடு இருந்தவரைக்கும் சப்பை மூக்காக இருந்தவர்களின் பிள்ளைகள் கொஞ்சம் கூடுதலாகவே சந்தோஷப்பட்டார்கள்.

மூக்கோடு முடிந்துவிடாது. செத்தவர்களுக்கு நகை போடுவது அந்தப் பக்கத்து வழக்கம். காலமெல்லாம் விடியுமுன் எழுந்து மிளகாய்க் காட்டுக்கு ஓடி, கழுத்தில் மஞ்சக்கயிற்றோடு செத்துப்போனவளாக இருப்பாள். படத்தில் அவளுக்கு இரட்டைவடச் சங்கிலி உண்டு, காசுமாலை உண்டு, கல்வைத்த மூக்குத்தி உண்டு, பட்டுச்சேலைக்கு இரண்டு விரல்கடைக்கு ஜரிகை உண்டு. மகன்களும் மருமகள்களும் மாஸ்டர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் போடுவார். "காதுல பாம்படம் பெருசாப் போடுங்க மாஸ்டர், எங்க அத்தைக்கு ரொம்ப ஆசை" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லும் மருமகள், அந்த அத்தையின் பாம்படத்தை எந்த வருஷம் யார் அடகு வைத்தது என்பதைச் சொல்ல மாட்டாள்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தவர்களுக்குக் காப்பி கொடுப்பவள் மாஸ்டரின் மனைவி சீனித்தாய். எட்டாவது வரை படித்தவள். வீட்டு வேலை முடிந்தால் தீப்பெட்டி ஆபீசிலிருந்து அட்டை வாங்கிவந்து பெட்டி ஒட்டுவாள். கை ஒட்டிக்கொண்டிருக்கும், கண் மாஸ்டரின் அட்டைமேல் இருக்கும். ஒரு முகம் அவர் கையில் திறந்து வருவதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரே ஒரு ஆசை வந்துகொண்டிருந்தது. தனக்கும் அப்படி ஒரு படம் வேண்டும். தலைசீவி, பொட்டுவைத்து, நேராகப் பார்க்கிற மாதிரி ஒன்று.

ஆசைக்குக் காரணம் இருந்தது. உலகத்தில் அவள் முகம் பதிவான இடமே கிடையாது. கல்யாண போட்டோவில் குனிந்த தலையும் அதன்மேல் ஒரு பந்து பூவும்தான் விழுந்திருந்தன. மகள் சத்யபிரியாவின் கல்யாணத்தில் எடுத்ததில் சம்பந்தியம்மாளின் தோளுக்குப் பின்னால் அவளுடைய ஒரு காது தெரிந்தது. ஓட்டுப்போடும் அட்டையில் இருப்பது அவள்தான் என்று அவளே நம்பவில்லை.

புதுசாகக் கல்யாணமானபோதே கேட்டுப் பார்த்தாள். "ஏங்க, என்னையும் ஒண்ணு போடுங்களேன்."

மாஸ்டர் பதறிவிட்டார். "ஏட்டி, கூறுகெட்டவளே! உசுரோட இருக்கவுகளை இப்படிப் போட்டா ஆயுசு கொறையும். இது செத்தவிய படம்லா."

"அப்ப நான் செத்தாத்தான் எனக்குச் சங்கிலி போடுவீங்களாக்கும்."

"அதுக்கு இன்னும் எவ்வளவோ காலம் கெடக்கு" என்று பெரிய மனசோடு சொல்லிவிட்டு, மாஸ்டர் யாரோ ஒரு நாடாச்சியம்மாவுக்கு அட்டியல் போடப் போய்விட்டார்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் மாஸ்டருக்கு ஞானோதயம் வந்தது. அது அல்லாபிச்சையின் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்ட சாமான்களுக்கு நடுவே கிடந்தது. முன் அட்டையும் பின் அட்டையும் இல்லாத ஒரு படப் புத்தகம். வழவழப்பான தாளில், ஐரோப்பாவில் யாரோ ஒரு ஓவியன் சுமார் எண்பது தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் போட்ட மனித உருவங்கள். உட்கார்ந்த பெண், குனிந்த பெண், முதுகைக் காட்டி நிற்கிற பெண். ஒன்றும் முடியவில்லை. ஒருத்திக்குக் கை மணிக்கட்டோடு நின்றது. இன்னொருத்திக்கு முகமே வெறும் வட்டம். ஆனால் ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் கோணல்மாணலான கையெழுத்தில் ஏதோ எழுதி, அம்புக்குறி போட்டு, அடிக்கோடு இழுத்திருந்தது.

"இது ஆகாது மாஸ்டர்" என்றார் அல்லாபிச்சை. "வழவழப்புத் தாளு. பொட்டலம் மடிச்சா நிக்காது. நீங்க கொண்டு போங்க."

மாஸ்டருக்கு அந்த எழுத்து புரியவில்லை. புரியவைக்க ஊரில் ஒரே ஒரு ஆள் இருந்தார். இன்சூரன்ஸ் ஆபீஸ் இராமச்சந்திரன். ஊரில் கலை இலக்கிய வட்டம் என்று ஒன்று நடத்திவந்தார். வட்டத்தில் அவரையும் சேர்த்து ஒரு பெஞ்சு நிறைகிற அளவுக்கு ஆள் இருந்தது. அவருக்கும் அந்தப் பாஷை தெரியாது. ஆனாலும் தெரியாது என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

"இது குறிப்பு மாஸ்டர்" என்றார். "நவீன ஓவியம் பொறந்த காலம். அவிய தெருவுல நின்னு உருவத்தை மட்டும் போட்டுக்கிடுவாவ. இங்கன இந்த நிறம், அங்கன இந்த நெழல்னு பக்கத்துல எழுதிக்கிடுவாவ. பெறகு வீட்டுக்குப் போயி அதைப் பாத்துப் பெருசா வர்ணம் தீட்டுவாவ. இன்னைக்கு உலகமே அந்தக் குறிப்பைத்தான் கொண்டாடுது."

இதில் இரண்டு பாதி இருக்கிறது. முதல் பாதி, குறிப்பு எழுதுவது. இரண்டாம் பாதி, வீட்டுக்குப் போய் வர்ணம் தீட்டுவது. மாஸ்டர் முதல் பாதியை அப்படியே பிடித்துக்கொண்டார். இரண்டாம் பாதியை அன்றைக்கு மட்டுமல்ல, பணி ஓய்வு பெற்ற பிறகும் தொடவே இல்லை.

மறுநாளிலிருந்து செத்தவர்களுக்குப் படம் போடுவது நின்றுபோனது. துக்க வீட்டுக்காரர்கள் வந்தால், "அதெல்லாம் கலை இல்லைய்யா. கட்டம் போட்டு நிரப்புறதைக் கட்டட மேஸ்திரியும் செய்வான்" என்றார். வந்தவர்கள் சீனித்தாயைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டுடியோவுக்குப் போனார்கள். மாஸ்டர் தாடி வளர்த்தார். தோள்பை வாங்கினார். உட்கார்ந்த உருவத்துக்கு ஆள் தேடிக் கொஞ்ச நாள் சந்தைப் பக்கம் போய் வந்தார். கருவாடு விற்கிறவள் "என்னத்தவே என்னையவே பாத்துக்கிட்டு நிக்கீரு?" என்று படிக்கல்லை எடுத்த அன்றோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது. பிறகு வீட்டிலேயே, கேள்வி கேட்காமல், கூலி கேட்காமல், நாள் முழுக்க ஏதாவது ஒரு நிலையில் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண் இருப்பது அவர் கண்ணில் பட்டது.

சீனித்தாய் பெட்டி ஒட்டினால் வரைந்தார். உளுந்து புடைத்தால் வரைந்தார். தலைக்குக் குளித்து முடியை உலர்த்தினால் பின்னாலிருந்து வரைந்தார். அவளுக்கு முதலில் ஒரே கொண்டாட்டம். கடைசியில் தன் முறை வந்துவிட்டது என்று நினைத்தாள். அன்றைக்கு மாஸ்டர் பள்ளிக்கூடம் போனதும் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தாளை எடுத்துப் பார்த்தாள்.

முதுகு நன்றாகத்தான் வந்திருந்தது, பொய் சொல்லக்கூடாது. குனிந்த தோளும், சொருகிய முந்தானையும், ஒருபக்கம் சாய்ந்த இடுப்பும் அவளேதான். கழுத்துக்கு மேலே ஒரு வட்டம். வட்டத்திலிருந்து ஓர் அம்புக்குறி கிளம்பி ஓரத்துக்கு வந்து, "முகம் பிறகு" என்று நின்றது.

சரி, பிறகு போடுவார் என்று இருந்தாள்.

அடுத்த தாளிலும் முகம் பிறகுதான். அதற்கடுத்ததிலும் அப்படியே. குறிப்புகள் மட்டும் வளர்ந்துகொண்டே போயின. "முதுகு: மழை பெய்து ஓய்ந்த கரிசலின் நிறம்." "சேலை: களத்தில் காயும் வத்தலின் சிவப்பு, வெயில் தாழ்ந்த பின்." "இடது தோளில் ஒரு யுகத்தின் களைப்பு." அந்தக் களைப்பு வந்தது இடைசெவலில் ஒரு கல்யாணத்துக்குப் போய், பந்தியில் ஒரு பிடி பிடித்துவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்பிய அன்றைக்கு. இன்னொரு படத்தில், வாய் இருக்கவேண்டிய இடத்துக்கு அம்புக்குறி போட்டு, "இங்கே ஆழ்ந்த மௌனம்" என்று எழுதியிருந்தார். அவளுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. சீமெண்ணெய் வாங்கிவரச் சொன்னதை மறந்துவிட்டுப் படம் போட உட்கார்ந்த மனுஷனை, ஆரம்பித்த நிமிஷத்திலிருந்து முடிக்கிற நிமிஷம் வரைக்கும் அவள் விடாமல் வைதுகொண்டிருந்தாள்.

"நான் வஞ்சது ஒங்க காதுல விழவே இல்லியா?" என்று கேட்டாள்.

"உருவத்தைப் பாக்கும்போது காது வேலை செய்யாது சீனி" என்றார் மாஸ்டர்.

"அப்ப முகத்தை எப்பதான் போடப்போறீங்க?"

"முகத்தைப் போட்டா அது நீயாப் போயிருமே. முகம் இல்லாம இருந்தாத்தான் அது மனுசகுலத்துக்கே பொதுவா நிக்கும். நவீன ஓவியத்தோட கொள்கையே அதுதான்."

முன்னாலே கேட்டபோது அபசகுனம். இப்போது கேட்டால் கொள்கை. மொத்தத்தில் சீனித்தாய்க்கு முகம் கிடைக்க வழியில்லை. கோபம் வந்தது, அதைவிட அதிகமாக அழுகை வந்தது. இத்தனை பேர் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் போட்ட கை, எதிரே இருக்கிற என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறதே, நான் பார்க்கச் சகிக்காதவளா என்று கண்ணாடி முன்னால் நின்று பார்த்தாள். அப்படி ஒன்றும் மோசமில்லை என்றுதான் தோன்றியது.

வருஷங்கள் ஓடின. தாள்கள் பரணில் ஏறின, கட்டிலுக்கடியில் நுழைந்தன, அரிசி டிரம்முக்கு மேல் குவிந்தன. மாஸ்டர் பணி ஓய்வு பெற்றார். இரண்டாயிரமாவது வருஷம் இராமச்சந்திரன் எங்கெங்கோ எழுதிப் போட்டு, மதுரையில் ஒரு மண்டபத்தில் கண்காட்சிக்கு ஏற்பாடு செய்துவிட்டார். பொறுக்கியெடுத்த படங்களைச் சட்டம் போட்டுத் தொங்கவிட்டார்கள். வாசலில், கரிசலின் முகமற்ற பெண் என்று பெரிய எழுத்தில் ஒரு தட்டி.

சீனித்தாய்க்கு மனசு மறுபடியும் சபலப்பட்டது. படத்தில்தான் முகம் இல்லை. ஆளே நேரில் போய் நின்றால்? இந்த அம்மாதானா அது என்று நாலு பேர் கேட்க மாட்டார்களா? மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டைக் கட்டிக்கொண்டாள். விளாத்திகுளத்திலிருந்து மகள் அனுப்பிய கல்கம்மலைப் போட்டுக்கொண்டாள். மதுரையில் இறங்கியதும் மல்லிகைப்பூ வாங்கி வைத்துக்கொண்டு மாஸ்டரோடு மண்டபத்துக்குள் நுழைந்தாள்.

நாலாபக்கமும் அவள்தான். உட்கார்ந்த அவள், குனிந்த அவள், புடைக்கிற அவள். அவளுக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. தலை உலர்த்துகிற படத்துக்குப் பக்கத்தில் போய், கேட்டால் பதில் சொல்லத் தோதாக நின்றுகொண்டாள். வந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள், குறிப்பைப் படித்தார்கள், தலையை ஆட்டினார்கள். அவளை யாரோ மண்டபத்து ஆள் என்று நினைத்துக்கொண்டு, ஒருவர் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

மத்தியானத்துக்கு மேல் சென்னையிலிருந்து ஓர் அம்மா வந்தார். கைத்தறிச் சேலை, பெரிய பொட்டு, கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூக்கு சட்டத்தில் இடிக்கும்படி குனிந்து, மௌனம் என்று எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தார். ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு வலி! யாருங்க இந்தப் பெண்? இப்ப இருக்காங்களா?"

சீனித்தாய் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, அரையடி முன்னால் வந்தாள். மாஸ்டர் அவளைப் பார்த்தார். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது, நேராகவே பார்த்தார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்.

"இவ ஒருத்தி இல்லம்மா. இந்தக் கரிசல்ல பொறந்த எல்லாப் பொம்பளையும்தான்."

பக்கத்தில் நின்ற இராமச்சந்திரன் "ஆகா" என்றார். சென்னை அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு திரும்பி, சீனித்தாயின் தோளைப் பிரியமாகத் தொட்டார்.

"கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களாம்மா? படத்தை மறைக்குது."

சீனித்தாய் நகர்ந்துகொண்டாள். நகர்ந்தவள் நிற்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ் ஏறிக் கோவில்பட்டி வந்து சேர்ந்துவிட்டாள். பஸ்ஸில் சாத்தூர் வரைக்கும் அழுதாள். சாத்தூரில் வெள்ளரிப்பிஞ்சு வாங்கிச் சாப்பிட்டதும் அழுகை நின்று, கோபம் மட்டும் மிச்சமிருந்தது. நல்ல, உபயோகமான கோபம். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போகும் வழியைப் பார்க்காமல், பட்டுச்சேலையோடும் பூவோடும் நேரே ஸ்டுடியோவுக்குள் ஏறினாள்.

"பாஸ்போர்ட் சைசாம்மா?" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"பெருசு. செவுத்துல மாட்டுதது."

"உங்களுக்கா?" அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு தொழில் புத்தி வந்து, "கழுத்துல நகை ஒண்ணும் போடலையேம்மா. நாங்களே வரைஞ்சு சேத்துக்கிடுவோம். ஆரமா, காசுமாலையா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வேண்டாம். மூஞ்சி நல்லா விழணும். அம்புட்டுதான்."

மாஸ்டர் மதுரையில் கலந்துரையாடல், பாராட்டு, பிறகு இராமச்சந்திரனின் உரை என்று எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு, அங்கிருந்தே அடுத்த கண்காட்சிக்காகத் திருச்சிக்கும் போய்விட்டு நிதானமாகத்தான் திரும்பினார். அதற்குள் படம் சட்டத்தோடு வந்து முன்னறைச் சுவரில் ஏறிவிட்டது. பக்கத்து வீட்டுப் பத்திரகாளி மோர் கேட்டு வந்தவள், சுவரைப் பார்த்ததும் "யாத்தே, சீனியக்கா போயிட்டாவளா!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அடுப்படியிலிருந்து சீனித்தாய் வெளியே வந்ததும் இன்னும் பலமாக அலறினாள்.

"மாலை ஒண்ணுதாங்க்கா கொறச்சல். எடுத்து உள்ள வைங்க. பாக்கவே பகீர்னு இருக்கு."

"மாலைய நான் போன பெறகு போடட்டும். படத்துக்கு அம்புட்டு நாளு காத்துக்கெடக்க முடியாது பத்திரகாளி. நீ மோரை வாங்கிட்டுப் போ."

மாஸ்டர் தோள்பையோடு உள்ளே வந்து, படத்தைப் பார்த்து நின்றார். போட்டோ என்பது வெறும் இயந்திரம், அதில் ஆன்மா இல்லை என்று நாலு வார்த்தை ஆரம்பித்தார். ஐந்தாவது வார்த்தை வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்று பார்த்தார்.

"சீனி, இங்கன கண்ணுக்குக் கீழ ஒரு மச்சம் தெரியுதே. பிரிண்டுல விழுந்த கறையா?"

அந்த மச்சம் சீனித்தாய்க்குப் பிறந்ததிலிருந்தே அங்கேதான் இருந்தது. அவள் அவரை மேஜைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மடியில் வைத்தாள். தோள்பையிலிருந்து பென்சிலை எடுத்துக் கையில் கொடுத்தாள். ஜன்னல் ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு, முகத்தில் வெளிச்சம் விழும்படி நேராக உட்கார்ந்தாள்.

"போடுங்க. கறையா மச்சமான்னு நல்லாப் பாத்துப் போடுங்க."

"இப்பவா? பயணக் களைப்பு..."

"இப்பத்தான்."

மாஸ்டர் ஒரு வட்டம் போட்டார். அது எப்போதும்போல நன்றாக வந்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். பென்சில் வட்டத்துக்குள் ஒரு கண் போட இறங்கி, ஒரு கோடு இழுத்து, நின்றது. அழித்தார். மறுபடி ஒரு கோடு இழுத்தார். அது அவள் கண்ணாக இல்லை. யாருடைய கண்ணாகவும் இல்லை. அதையும் அழித்தார். தாள் அந்த இடத்தில் நைந்துவிட்டது. அவள் கண்ணிமை கொட்டினாள், மூச்சு விட்டாள், உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள்; ஒவ்வொன்றுக்கும் மாஸ்டர் ஏதோ அடி விழுந்ததுபோலத் தடுமாறினார். கடைசியில் அவர் பார்வை அவளைத் தாண்டி, மெதுவாகச் சுவரில் இருந்த படத்துக்குப் போனது. கை தன்னால் நீண்டு மேஜைமேல் ஸ்கேலைத் தேடியது.

சீனித்தாய் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அபசகுனமும் இல்லை, கொள்கையும் இல்லை. அசையாத படத்தில் கட்டம் போட்டால்தான் இந்த மனுஷனுக்கு முகம் வரும். எதிரே உயிரோடு ஒரு முகம் இருந்தால் எங்கே தொடங்குவது என்றே அவருக்குத் தெரியாது. என்றைக்குமே தெரிந்ததில்லை. அதை வெளியே சொல்லக் கூசி, ஐரோப்பா வரைக்கும் போய்க் காரணம் தேடிக் கொண்டுவந்திருக்கிறார்.

சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே நிச்சயமில்லை. எழுந்து ஸ்டூலை ஓரமாகத் தள்ளினாள்.

"போட வராதுன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, கல்யாணமான புதுசுலயே ஸ்டுடியோவுக்குப் போயிருப்பேன்லா" என்றாள். "அப்ப நான் இன்னும் நல்லா இருந்தேன்."